மறு: மறு: வைஃபையைப் பிரிக்கிறோம், சொல் வேண்டும் (திங்களுக்குள்)

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வணக்கம். திங்கட்கிழமை பள்ளிச் சுவரில் ஒட்ட ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நடிகர் படத்தை 40 பக்கம் ஆசிரியர் அறைப் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டான். அதனால் வைஃபையை ஆசிரியர், மாணவர், வருகிறவர்கள் என்று மூன்றாகப் பிரிக்கிறோம். கருவியும் இணைப்பும் ஒன்றுதான், உள்ளே தனித்தனி. இப்படிப் பிரிக்கும் முறைக்கு 'விலான்' (VLAN) என்று பெயர், அதற்குத் தமிழ் என்ன? 'மெய்நிகர் குறும்பரப்புப் பிணையம்' என்று சொல்லிப் பார்த்தேன். "பிணையம்னா பிணம் வைக்கிற இடமா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். மலையாளத்திலும் பிணம் பிணம்தானே. விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

சித்தூரிலிருந்து (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் அல்ல):

பிணையம் எனக்கும் பிடிக்காது, கோர்ட்டு வாசனை அடிக்கிறது. என் பரிந்துரை 'வலைத்திணை'. திணை மயங்கலாம், நிலம் மயங்காது என்பது அகத்திணையியல். வானில் அலைகள் கலந்து கிடக்கும், உள்ளே ஓடும் தரவு கலக்காது. தொல்காப்பியர் ரௌட்டரைப் பார்த்துவிட்டே எழுதியது போலிருக்கிறது! மாணவருக்குக் குறிஞ்சி, ஆசிரியருக்கு மருதம், வந்துபோகிறவர்களுக்குப் பாலை.

வேலந்தாவளத்திலிருந்து:

மருதத்துக்கு உரியது ஊடல், ஆசிரியர் அறைக்குப் பொருத்தம்தான் மாஷே. ஆனால் 'பாலைக்கு பாஸ்வேர்டு என்ன' என்று பெற்றோர் கேட்டு நிற்பார்களே.

கணினிக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று. ரௌட்டரில் மூன்று பெயர் வைத்துவிட்டுப் பிரித்தாச்சு என்பவர்கள்தான் அதிகம். போனில் தெரியும் வைஃபை பெயர், அதாவது எஸ்.எஸ்.ஐ.டி., வெறும் பெயர்ப்பலகை. வாசல் மூன்று வைத்தாலும் உள்ளே கூடம் ஒன்றாக இருந்தால் பிரிண்டர் எல்லோருக்கும் தெரியும். விலான் போட்டால்தான் ஒவ்வொரு பொட்டலத்திலும் 12 பிட்டில் ஓர் எண் ஏறும், 1 முதல் 4094 வரை. வலைக் கம்பிகளை இணைக்கும் சுவிட்சு அந்த எண்ணைப் பார்த்துத்தான் வழி விடும். ஆகவே பலகைக்கு ஒரு சொல், பிரிப்புக்கு வேறு சொல். பலகைக்கு 'அலைப்பெயர்' போதும். பிரிப்புக்கு 'அலைப்பாத்தி'. ஒரே மடைத் தண்ணீர், நடுவில் வரப்பு.

சித்தூரிலிருந்து:

பாத்தி! பகுத்து என்பதுதான் பாத்து. பகுத்து உண்பதைக் குறள் பாத்தூண் என்கிறது. பாத்தியும் அந்த வீட்டுப் பிள்ளைதான். ஆனால் மடைத் தண்ணீர் என்றீர்களே, அது எங்கே வருகிறது? 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளப் பக்கமுள்ள நமக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். கடைமடைத் தென்னைக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்று ஒரு நாள் வந்து பாருங்கள். என் வரப்பிலேயே...

மூணாற்றிலிருந்து:

தண்ணீரைத் தனி இழையில் பேசலாம் ஐயா. விலான் கம்பியிலும் ஓடும், அதற்கு 'அலை' எதற்கு? 'வலைப்பாத்தி' என்றால் தர்க்கம் சரி. இருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாத்தி தெரியாது, ஃபீல்டு நம்பர்தான் தெரியும். 'வைஃபை பிரிவு' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எங்கள் பிள்ளைகளுக்குப் பாத்தி தெரியும், வலைப்பாத்தி என்றே எழுதிவிட்டேன். அலைப்பெயர்களையும் தமிழிலேயே வைத்தேன். 'ஆசிரியர்' போனது, 'மாணவர்' போனது. 'விருந்தினர்' மட்டும் ஏறவில்லை. அலைப்பெயருக்கு 32 பைட்டுதான் இடமாம். தமிழில் எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. விருந்தினரில் 11 இருக்கிறது, ஆக 33. ஒரு பைட்டில் போச்சு! 'விருந்தாளி' 30, உள்ளே போய்விட்டது.

சித்தூரிலிருந்து:

கருவிக்காகத் தமிழை வளைப்பதா? வள்ளுவருக்கு 'விருந்து' என்றாலே வந்தவர்தான். 24 பைட்டு, நானும் எண்ணிவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

விருந்து என்று போட்டால் இலை எங்கே என்று கேட்பார்கள் மாஷே. விருந்தாளியே இருக்கட்டும்.

மூணாற்றிலிருந்து:

உங்கள் சுவரில் வலைப்பாத்தி. எங்கள் சுவரில் பிரிவு.

வேலந்தாவளத்திலிருந்து:

திங்கள் காலை சுவிட்சோடு வருகிறேன் டீச்சர். பிரிண்டர் எந்தப் பாத்தியில்?