சஃபாரி வீடியோ தொகுப்பு: ஒலி விலகுகிறது, வரிசை குழம்புகிறது, வாட்ஸப்பில் மங்குகிறது – உதவி தேவை

பொள்ளாச்சித் தென்றல்:

வணக்கம். ஆகஸ்ட்டில் போன கென்யா பயணத்தை (நகுரு ஏரி, பிறகு மசாய் மாரா) வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரே படமாக்க வேண்டும். ஐபோன் (4கே, நொடிக்கு 60 ஃப்ரேம், ஒளி-நிற வீச்சு கூடிய ஹெச்டிஆர்), கோப்ரோ என்ற சிறிய ஆக்‌ஷன் கேமரா (4கே, 50 ஃப்ரேம்), ஒரு சூப்பர்ஜூம் கேமரா (1080பி, 50 ஃப்ரேம்) என மூன்றிலும் எடுத்தது மொத்தம் 210 ஜிபி. லேப்டாப் ஐ5, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸ் 11-இல் ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டரைப் பயன்படுத்துகிறேன். சிக்கல்கள்:

1. போன் கிளிப்பில் கைடு பேசுவது முதலில் சரியாக இருக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் போனால் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.
2. நேரப்படி அடுக்கினால் வரிசை தாறுமாறு. ஒரே ஆற்றுக் கடப்பு (விலங்குக் கூட்டம் ஆற்றைத் தாண்டுவது) போனில் காலையிலும் கேமராவில் மதியத்திலும் இருக்கிறது.
3. போன் கிளிப் மட்டும் டைம்லைனில் (எடிட்டரில் கிளிப்களை அடுக்கும் பட்டை) வெளிறித் தெரிகிறது.
4. ஜூம் காட்சிகளில் ஆட்டம். ஸ்டெபிலைஸ் போட்டால் புல்வெளி அலையடிக்கிறது.
5. வாட்ஸப்பில் அனுப்பினால் சிங்கம் எது, புல் எது என்று தெரியவில்லை. பென்டிரைவில் போட்டால் டிவி கோப்பையே திறக்க மறுக்கிறது.

வெட்டுமேசை:

ஒவ்வொரு கிளிப்பாக டைம்லைனில் வைத்து வைத்தியம் பார்க்காதீங்க, மாசக்கணக்கில் இழுக்கும். முதல் மூன்று சிக்கலும் வெட்ட ஆரம்பிப்பதற்கு முன்பே தீர வேண்டியவை. செய்கிற வரிசையும் முக்கியம்: முதலில் கடிகாரம், அப்புறம் ஃப்ரேம் ரேட்டும் நிறமும்.

கடிகாரம். போன் நைரோபியில் இறங்கியதும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கோப்புக்குள் உலகப் பொது நேரத்தை எழுதும். சாதாரண கேமராக்கள் பலவற்றுக்கு நேர மண்டலம் என்பதே தெரியாது. தன் திரையில் என்ன மணியோ அதை அப்படியே எழுதிவைக்கும். லேப்டாப் அதையும் பொது நேரம் என்று நம்பி, மேலே ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். அதனால் கேமராவை இந்திய நேரத்திலேயே விட்டிருந்தால் போன் கிளிப்பைவிட 5.30 மணி நேரம் கூடுதலாகக் காட்டும். கென்ய நேரத்துக்கு மாற்றியிருந்தால் 3 மணி நேரம். கார்டில் இருக்கும் 'மாடிஃபைடு' தேதியை வைத்து அடுக்கினால் இரண்டரை மணி நேர வித்தியாசமும் வரலாம். இதோடு கேமரா கடிகாரம் தானே சில நிமிடம் ஓடிப்போயிருக்கும்.

ஆகவே கணக்குப் போட வேண்டாம், அளந்துவிடுங்க. மூன்று கருவியிலும் பதிவான ஒரே நொடியைப் பிடிக்கணும். ஆற்றுக் கடப்பே வசதி: முதல் வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) தண்ணீரில் குதிக்கும் நொடி. கிளிப்பின் தொடக்க நேரத்தோடு, குதிப்பு வரை ஓடிய நொடிகளைக் கூட்டினால் அந்தக் கருவியின் மணி கிடைக்கும். சில கேமராக்கள் தொடக்கத்துக்குப் பதில் முடிவு நேரத்தை எழுதும் என்பதால் ஒரு நீளமான கிளிப்பில் அதையும் சரிபார்த்துக்கோங்க. கிடைத்த வித்தியாசத்தை எக்சிஃப்டூல் (கோப்புக்குள் எழுதிய தேதி, நேரத்தைத் திருத்தும் மென்பொருள்) கொண்டு அந்தக் கருவியின் எல்லாக் கோப்பிலும் ஒரே கட்டளையில் கழித்துவிடலாம். பிறகு கோப்புப் பெயரையே நேரமாக மாற்றுங்க: 0814_064210_போன் (ஆகஸ்ட் 14, காலை 6 மணி 42 நிமிடம் 10 நொடி) என்கிற மாதிரி. கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது எடுத்த நேரம் போய், மாற்றிய நேரம் உட்கார்ந்துவிட வாய்ப்பு உண்டு. பெயரில் இருந்தால் தப்பிக்கும்.

கோப்ரோ கோப்புகளில் இன்னொரு வில்லங்கம். நீளமான பதிவைத் துண்டு துண்டாக எழுதும். பெயரில் எழுத்துக்கு அடுத்த இரண்டு இலக்கம் துண்டு எண், கடைசி நான்கு இலக்கம்தான் பதிவு எண். ஜிஎக்ஸ்010034-க்குத் தொடர்ச்சி ஜிஎக்ஸ்020034. பெயர்ப்படி அடுக்கினால் நடுவில் 010035 புகுந்துவிடும். லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளில் துண்டுகளை ஒட்டிவிட்டு அப்புறம் பெயர் மாற்றுங்க. வீடியோவை மறுபடி சுருக்கி எழுதாமல் (மறு என்கோடிங் இல்லாமல்) ஒட்டும், தரம் குறையாது.

ஒலி விலகல். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதைப் போன் கூட்டிக் குறைக்கும். 59, 60, சில இடத்தில் 57 என்று போகும். ஒலியின் வேகம் மாறாது. எடிட்டர் எல்லாம் ஒரே சீர் என்று எடுத்துக்கொள்வதால் விலகல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. ஷாட்கட்டில் கிளிப்பைத் திறந்து, தேவையான பகுதிக்கு மட்டும் இன், அவுட் (தொடக்கம், முடிவு) வைத்து, ப்ராப்பர்ட்டீஸில் 'கன்வர்ட்' அழுத்துங்க. அதில் வரும் மூன்று தர அளவுகளில் 'குட்' போதும், மற்ற இரண்டும் உங்கள் டிஸ்க்கை விழுங்கிவிடும். அட்வான்ஸ்டு பகுதியில் மூன்றைக் கவனிங்க: ஃப்ரேம் ரேட் 30, 'யூஸ் சப்-கிளிப்', 'கன்வர்ட் டு பிடி.709 கலர்ஸ்பேஸ்'. இந்தக் கடைசி டிக் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் சேர்த்துப் பதில். வெளிறல் வருவதே ஹெச்டிஆர் படத்தைச் சாதாரண நிறவெளியில் அப்படியே காட்டுவதால்தான். கான்ட்ராஸ்ட்டை ஏற்றி அதைச் சரிசெய்யப் பார்க்காதீங்க, மேகமெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பாகிவிடும்.

முதல் கிளிப்பைப் போடும் முன்னாலேயே செட்டிங்ஸில் வீடியோ மோடை 1080பி 30 என்று வையுங்க. ஆட்டோமேட்டிக்கில் விட்டால் முதலில் போடுகிற கிளிப்பின் அளவையே முழுப் படத்துக்கும் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி ரேமில் 4கே டைம்லைன் வேண்டவே வேண்டாம். தவிர, 1080 படத்துக்குள் 4கே கிளிப் இருந்தால் இரண்டு மடங்குவரை நெருக்கி வெட்டினாலும் தெளிவு போகாது. வெட்டும்போது மட்டும் சின்ன நகலைக் காட்டும் 'யூஸ் ப்ராக்ஸி'யும் ஆன் செய்யுங்க.

பொள்ளாச்சித் தென்றல்:

நன்றி சார். கேமராவும் கோப்ரோவும் 50 ஃப்ரேம் ஆச்சே, 30-க்குள் போட்டால் திக்காதா?

வெட்டுமேசை:

திக்கும். 50 முப்பதால் சரியாக வகுபடாது, பான் செய்த (கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிய) காட்சிகளில் கண்ணுக்குத் தட்டும். இரண்டு வழி. அசையாமல் நின்று எடுத்த காட்சி என்றால் அப்படியே விடுங்க, யாரும் கவனிக்க மாட்டாங்க. ஓட்டம், பறத்தல், குதிப்பு என்றால் வேகத்தை 0.6 ஆக்குங்க. 50-இல் 0.6 என்றால் சரியாக 30. ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு முறை வரும், மெதுவோட்டம் வழுக்கிக்கொண்டு போகும். வில்டபீஸ்ட் கரையிலிருந்து பாய்வதற்கு அந்த வேகம் ரொம்பப் பொருத்தம். ஒலியை மட்டும் பிரித்து எடுத்துடுங்க, 0.6-இல் கேட்டால் பேய்ப்படம் மாதிரி இருக்கும்.

புல்வெளிக் கழுகு:

நாலாவது கேள்விக்கு நான். ஜீப்பில் எடுத்த ஆட்டம் இரண்டு வகை. கை ஆடியது ஒன்று. அதை ஸ்டெபிலைஸ் ஓரளவு சரிசெய்யும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி நடுங்குவது இன்னொன்று. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் ஒரே ஃப்ரேமுக்குள்ளேயே படம் நெளிந்து பதிவாகியிருக்கும். அதை எந்த ஃபில்டரும் நிமிர்த்தாது. அந்த கிளிப்பில் நல்ல ஒரு ஃப்ரேம் இருந்தால் படமாக எடுத்து மூன்று நொடி வையுங்கள், இல்லையேல் தூக்கிப்போடுங்கள்.

புல் அலையடிக்கக் காரணம், ஃபில்டர் எதை நிலையானது என்று பிடித்துக்கொள்வது என்பதுதான். ஆகஸ்ட் மாராவில் முன்னால் உயரமான காய்ந்த புல், காற்றில் ஆடுகிறது. பின்னால் சிறுத்தை அசையாமல் படுத்திருக்கிறது. ஃபில்டர் புல்லைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, சிறுத்தை ஆட ஆரம்பிக்கிறது. ஆகவே முதலில் 4 முதல் 6 நொடிக்கு வெட்டுங்கள், பிறகு அந்தத் துண்டுக்கு மட்டும் அனலைஸ் கொடுங்கள். ஸ்மூத்திங்கைக் குறைத்து வையுங்கள். கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும், சஃபாரி வண்டியில் எடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

மதிய நேரத்து ஜூம் காட்சி தண்ணீருக்கடியில் எடுத்ததுபோல் நடுங்குகிறதா? அது தரைச் சூட்டில் காற்று கொதிப்பது. அதற்குத் திருத்தமே இல்லை. காலை எட்டு மணிக்கு முன் எடுத்தவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

அடுத்த முறைக்கு: காலிப் பீன்பேக் உறையைப் பெட்டியில் மடித்துக்கொண்டு போய், அங்கே கடையில் இரண்டு கிலோ அரிசியோ பீன்ஸோ வாங்கி நிரப்பினால் போதும். கூரை திறந்த வண்டியின் விளிம்பில் அதைப் போட்டு அதன்மேல் லென்ஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான ஓட்டுநர்கள் தயங்க மாட்டார்கள். போனில் விலங்கின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டினால், முன்னால் இருக்கும் புல்லுக்கு ஃபோகஸ் தாவாது.

ஒலிப்பெட்டி:

யாரும் காற்றுச் சத்தத்தைக் கேட்கவில்லை, ஆனால் கோப்ரோ என்றால் கண்டிப்பாக இருக்கும். கூரைக்கு மேலே வைத்து ஓடும் வண்டியில் எடுத்த ஒலியை அப்படியே தூக்கி எறியுங்கள். சத்தம் அளவு மீறி ஒலி அலை உச்சியில் வெட்டுப்பட்டுப் போயிருந்தால் மீட்க முடியாது. வண்டி நின்ற இடங்களில், எஞ்சின் அணைத்தபின், யாரும் பேசாத 20 நொடி எங்காவது நிச்சயம் கிடைக்கும். பூச்சி, பறவை, தூரத்தில் கூட்டத்தின் உறுமல் எல்லாம் அதில் இருக்கும். அதை எடுத்து மற்ற காட்சிகளின் அடியில் நீளமாக ஓட விடுங்கள். காட்சிக்குக் காட்சி ஒலி குதிப்பது இதிலேயே நின்றுவிடும். பேச்சு உள்ள கிளிப்புக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் போடுங்கள். எஞ்சின் இரைச்சலை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் குறைப்பதானால் 6 முதல் 9 டெசிபல் வரை மட்டும். பேராசைப்பட்டு 20 வைத்தால் கைடு தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவார்.

ஓட்டுநரின் வயர்லெஸ் ரேடியோ பேச்சு பதிவாகியிருந்தால் அதையும் நீக்குவது நல்லது. எந்த விலங்கு எங்கே என்பதைத்தான் அதில் பேசிக்கொள்வார்கள்.

புல்வெளிக் கழுகு:

அதை வழிமொழிகிறேன். நகுருவில் எடுத்த காண்டாமிருக கிளிப்பை எடிட் செய்யாமல் யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள். ஐபோனில் பகிரும் திரையின் மேலே 'ஆப்ஷன்ஸ்' அழுத்தி 'லொகேஷன்' அணைத்தால் போதும். கொம்புக்காகக் கொல்கிறவர்களுக்கு நாளும் இடமும் சேர்ந்த தகவல் பயன்படும். மசாய் கிராமத்தில் எடுத்த குழந்தைகளின் முகங்களையும் வீட்டுப் பிரதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டுமேசை:

ஐந்தாவது கேள்வி. காய்ந்த புல்வெளிதான் வீடியோ சுருக்கத்துக்கு ஆகவே ஆகாத எதிரி. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஆயிரக்கணக்கான புல் தாள்கள் அசைவதால் சுருக்க எதுவும் மிச்சமில்லை. பிட்ரேட்டை (நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) குறைத்தால் முதலில் புல் சதுரம் சதுரமாகக் குழையும்; அதே நிறத்தில் படுத்திருக்கும் சிங்கத்தின் பிடரியும் அதோடு போய்விடும். வாட்ஸப் வீடியோவாக அனுப்பும்போது நடப்பது இதுவே. கேலரி வழியாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்க. 2 ஜிபி வரை தொடாமல் போகும். ஆனால் குடும்பக் குழுவில் முழுப் படத்தைத் தள்ளினால் பெரியவங்க போனெல்லாம் நிரம்பிவிடும். குழுவுக்கு மூன்று நிமிடத் துண்டு, முழுப் படம் யூடியூபில் 'அன்லிஸ்டட்' (லிங்க் இருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம், தேடலில் வராது).

முழுப் படம் 14 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கட்சி. 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற யூடியூபில் போன் எண்ணைச் சரிபார்க்கணும், அது பெரிய விஷயமில்லை. சோபாவில் இருக்கிறவங்க பொறுமைதான் விஷயம்.

டிவிக்கு: ஹெச்.264, 8-பிட், எம்பி4, 1080பி 30, ஒலி ஏஏசி ஸ்டீரியோ, பிட்ரேட் 12 எம்பிபிஎஸ். 14 நிமிடத்துக்குச் சுமார் 1.3 ஜிபி வரும். டிவி திறக்க மறுக்கப் பெரும்பாலும் மூன்று காரணம்: கோப்பு 10-பிட் ஹெச்இவிசி (புதிய சுருக்க வடிவம்), பென்டிரைவின் ஃபார்மேட் எக்ஸ்-ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ், அல்லது ஒலி வடிவம். பழைய டிவிகள் ஃபேட்32-ஐத்தான் படிக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன கோப்பு பழைய டிவிக்கும் ஃபேட்32 பென்டிரைவுக்கும் ஒத்துவரும், அதையே யூடியூபுக்கும் ஏற்றலாம்.

பொள்ளாச்சித் தென்றல்:

கடிகாரம் அளந்து பார்த்தேன்: 5 மணி 34 நிமிடம் வித்தியாசம். ஒரே கட்டளையில் வரிசை சரியாகிவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். அம்மா எடுத்ததெல்லாம் நிமிர்ந்த வீடியோ, அதை என்ன செய்வது? பின்னணிக்குச் சினிமாப் பாட்டு போடலாமா, அன்லிஸ்டட்தானே?

வெட்டுமேசை:

5.34 என்றால் கேமரா இந்திய நேரத்தில், நாலு நிமிடம் முன்னால் ஓடியிருக்கிறது.

நிமிர்ந்த கிளிப்பின் இரண்டு பக்கமும் மங்கலான பின்னணி போட்டு நிரப்பாதீங்க, கண்ணுக்கு அயர்ச்சி. 1080 உயரத்தில் அதன் அகலம் சுமார் 608 பிக்சல். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 1824. 1920-க்குள் நடுவில் மெல்லிய கோடு விட்டு அழகாக உட்காரும். ஒரே யானைக் கூட்டத்தின் மூன்று கிளிப், அல்லது மூன்று நாள் காலை உணவு என்று சேர்த்துப் போடுங்க. ஒலி நடு கிளிப்பிலிருந்து மட்டும்.

பாட்டு வேண்டாம். அன்லிஸ்டட் என்றாலும் யூடியூப் பாட்டைக் கண்டுபிடித்துவிடும். உரிமையாளர் முடிவைப் பொறுத்து விளம்பரம் வரலாம், சில நாடுகளில் வீடியோவே ஓடாமல் போகலாம். வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்கு லிங்க் அனுப்புவதாக இருந்தால் இது கட்டாயம் இடிக்கும். இசை வேண்டுமென்றால் யூடியூப் ஸ்டூடியோவின் ஆடியோ லைப்ரரியிலிருந்து எடுங்க. சினிமாப் பாட்டு இல்லாமல் வீட்டில் ஒப்ப மாட்டாங்க என்றால், டிவி பென்டிரைவுக்குத் தனியாக ஒரு பிரதி எக்ஸ்போர்ட் செய்துக்கோங்க. பாட்டைத் தனி ஆடியோ டிராக்கில் வைத்திருந்தால், அந்த டிராக்கை மியூட் செய்து மறுபடி எக்ஸ்போர்ட் கொடுத்தால் யூடியூப் பிரதி தயார்.