ஒரே இடத் தரவு, இரண்டு கேம்கள்: சர்வர் அமைப்பில் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரியில் சிறு குழுவாக இரண்டாவது லொக்கேஷன் கேம் (நிஜ இடங்களுக்குப் போய் மொபைலில் ஆடுவது) செய்கிறோம். ஆயி மண்டபம், பழைய கலங்கரை விளக்கம், கடற்கரை காந்தி சிலை என்று முதல் கேமுக்காகச் சேகரித்த இடங்களை இதிலும் பயன்படுத்த ஆசை. இன்க்ரெஸ் என்ற லொக்கேஷன் கேமின் போர்ட்டல்கள் (ஆட்ட இடங்கள்) பலவும் 2016இல் ‘போக்கிமான் கோ’ கேமில் போக்கிஸ்டாப், ஜிம் என்ற ஆட்ட இடங்களாக வந்தனவே, அதுபோல.

இடங்களுக்குப் பொதுவாக ஒரு போஸ்ட்ஜிஐஎஸ் (வரைபட இடத் தரவைக் கையாளும்) டேட்டாபேஸ், ஆட்டக்காரர் விவரங்கள் கேமுக்குக் கேம் தனி. இதுவரை சரி. ஆனால் ஓர் இடத்தை நீக்கினாலோ நகர்த்தினாலோ இரண்டு கேம் சர்வர்களுக்கும் எப்படித் தெரிவிப்பது? மாற்றம் நடந்ததும் செய்தியை வரிசையில் போட்டு அனுப்பும் மெசேஜ் க்யூ வைக்கலாமா, சர்வர்களே அவ்வப்போது வந்து கேட்டுக்கொள்வது போதுமா? ஆட்டத்தின் நடுவில் இடம் மறைந்தால் விளையாடுபவர் பாவம்.

அப்புறம், ஒயிட் டவுனில் இடங்கள் நெருக்கம், பாகூர் பக்கம் குறைவு. எஸ்2 செல் (பூமிப் பரப்பைப் பிரிக்கும் கட்டங்கள்) வைத்து இடங்களை வடிகட்டுவதைப் பொது சர்வீஸில் செய்வதா, அந்தந்தக் கேமிலா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.