நண்பருடன் நெடுங்காலம் பாட்காஸ்ட் நடத்தியவர்கள் கற்றது என்ன?

இருகுரல்:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் நெருங்கிய நண்பனும் சேர்ந்து பல ஆண்டுகளாக ஒரு பாட்காஸ்ட் நடத்திவருகிறோம். வாரம் ஓர் எபிசோடு. ஒவ்வொன்றிலும் ஓர் அறிவியல் நூலை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசுவோம். இருவரும் வெவ்வேறு ஊர்களில் இருப்பதால், இணைய அழைப்பில் பேசிக்கொண்டே அவரவர் குரலை அவரவர் கணினியில் பதிவுசெய்கிறோம். பிறகு இரண்டு பதிவுகளையும் இணைத்து எடிட்டிங் செய்வது என் வேலை.

தொடங்கிய காலத்தில் யாருக்கு எந்தப் பொறுப்பு என்று நாங்கள் உட்கார்ந்து பேசியதில்லை. எடிட்டிங் எனக்கு ஓரளவு தெரியும் என்பதால் அது என்னிடம் வந்து சேர்ந்தது. விருந்தினர்களை அழைப்பதும் நேயர்களுக்குப் பதில் எழுதுவதும் அவனுடைய பொறுப்பாயின. இப்போது ஓர் எபிசோடை முடிப்பதற்குள் வார இறுதியின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. முடித்து அனுப்பிய பிறகு, "இந்த இடத்தில் நான் சொன்னதை ஏன் வெட்டினாய்?" என்று அவன் கேட்கும்போது, கேள்வி நியாயமானதே என்றாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. அதைவிட என்னை வருத்துவது, அண்மைக்காலமாக எபிசோடின் பிற்பகுதியில் அவன் என்னை முடிக்கவிடாமல் குறுக்கே பேசுவது. நேயர்கள் சிலரும் இதைக் குறிப்பிட்டு எழுதிவிட்டார்கள்.

ஒலிப்பதிவுக்கு வெளியே நாங்கள் பேசிக்கொள்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. நிகழ்ச்சியை நிறுத்தினால் நட்பாவது மிஞ்சுமா, அல்லது இந்த நிகழ்ச்சிதான் நட்பை இன்னும் பிடித்துவைத்திருக்கிறதா என்று புரியவில்லை. இந்தப் பாதையில் நெடுந்தூரம் வந்தவர்கள் தாங்கள் கற்றதைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அலைநீளம்:

பிறருடைய பாட்காஸ்ட்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். நட்பைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே இருப்பதால், குறுக்கே பேசுவது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதில் "எபிசோடின் பிற்பகுதியில்" என்பதுதான் என் கண்ணில் பட்டது. குறுக்கிடுவது ஒருவருடைய இயல்பு என்றால் அது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். நேரம் ஆக ஆக அது கூடுகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, ஒலிப்பதிவின் வேகத்தை முடிவுசெய்யும் இரண்டு கணினிகளின் உட்கடிகாரங்களை.

இரண்டு கருவிகளிலும் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை வினாடிக்கு 48,000 முறை அளந்து பதிவது, என்று அமைத்திருந்தாலும் அவை மயிரிழை பிசகாமல் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால்கூட, ஒரு மணி நேரத்தின் முடிவில் ஒரு குரல் மற்றதைவிட 180 மில்லிவினாடி முன்னே போயிருக்கும். இயல்பான உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக 200 மில்லிவினாடியை ஒட்டியே இருக்கிறது என்று பல மொழிகளில் அளந்து கண்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் நண்பர் முறையாகக் காத்திருந்து சொன்ன பதில், இணைத்த பதிவில் உங்கள் கடைசிச் சொல்லின்மீது வந்து விழும். இதற்கு இன்னோர் அடையாளமும் உண்டு: அவருடைய கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில், அதே அளவுக்குத் தாமதமாகத் தொடங்குவதுபோல ஒலிக்கும்.

சோதிப்பது எளிது. அழைப்பில் உங்களுக்குக் கேட்கும் அவருடைய குரலை உங்கள் கணினியிலேயே தனி டிராக்காகப் பதிந்துகொள்ளுங்கள். அதன் ஒலித்தரம் எப்படி இருந்தாலும் கவலையில்லை, அளவுகோலாகத்தான் அது தேவை. அவர் அனுப்பும் கோப்பைத் தொடக்கத்தில் அதனோடு பொருத்திவிட்டு, கடைசி நிமிடத்துக்குப் போய்ப் பாருங்கள். விலகல் தெரிந்தால் கோப்பின் நீளத்தை அந்த விகிதத்தில் துளியளவு நீட்டினாலோ குறைத்தாலோ போதும். இவ்வளவு சிறிய மாற்றம் செவிக்குத் தெரியாது.

அழைப்பின் தாமதத்தையும் கவனியுங்கள். தொலைபேசி உரையாடலில் ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போனால் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவதும், இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்வதும் மிகும். புளூடூத் ஹெட்போன் தன் பங்குக்குத் தாமதத்தைக் கூட்டும் என்பதால் கம்பியுள்ள ஹெட்போனுக்கு இருவரும் மாறிவிடுங்கள். வீடியோவைத் திறந்துவைத்து, பேச விரும்புபவர் விரலை உயர்த்திக் காட்டும் பழக்கமும் நன்றாகப் பயன்படுகிறது.

மறுமுனை:

அலைநீளம் சொன்னதை முதலில் சோதித்துவிடுங்கள். என் தோழியும் நானும் சேர்ந்து நெடுங்காலமாக ஒரு நிகழ்ச்சி நடத்துகிறோம். நண்பரின் குணம் என்று நாம் முடிவுகட்டும் பலவும், உண்மையில் வேலையைப் பகிர்ந்துகொண்ட விதத்தில் இருக்கும் குறைகள் என்பதை இத்தனை காலத்தில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் உள்ள கோபமும் அப்படிப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எடிட்டிங் செய்பவர் தன் நண்பரின் குரலை உலகில் வேறு எவரும் கேட்காத அளவுக்குக் கேட்கிறார். என் தோழிக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லத் தொடங்குமுன் நாக்கை மேலண்ணத்தில் தட்டும் பழக்கம் உண்டு. நேரில் பேசும்போது அது ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் ஊசிபோல எழுந்து நிற்கும் அந்தச் சின்ன அலையை ஒவ்வொன்றாகத் தேடி நீக்கும்போது, சலிப்பு வேலையின் மேல் வராமல் ஆளின் மேல் வருகிறது. மாதத்துக்கு ஒருவர் என்று எடிட்டிங்கை மாற்றிக்கொண்ட பிறகுதான் எங்களுக்குள் இது தணிந்தது. என்னுடைய தயக்கங்களையும் முடியாமல் தொங்கும் வாக்கியங்களையும் அவளும் கேட்க நேர்ந்தது. அதன் பிறகு, தடுமாறினால் ஒரு கணம் நிறுத்தி, வாக்கியத்தை முதலிலிருந்து திரும்பச் சொல்லும் பழக்கம் இருவருக்கும் தானாகவே வந்துவிட்டது. வெட்டுவதற்கு இடம் விட்டுப் பேசுவது வெட்டிப் பார்த்தவருக்குத்தான் வரும். உங்கள் நண்பருக்கு எடிட்டிங் தெரியாது என்றால் கற்றுக்கொடுங்கள். அது கைகூடும் வரை, தேவையற்ற பகுதிகளை அவர் முதலில் கேட்டு நேரக்குறிப்புடன் எழுதித் தரட்டும், வேலையில் பாதி அங்கேயே குறையும், "ஏன் வெட்டினாய்?" என்ற கேள்விக்கும் இடமிருக்காது.

எதை வெட்டலாம் என்பதில் எங்களுக்குள் ஒரு முடிவு உண்டு. அந்த எபிசோடை எடிட் செய்பவருக்கே கடைசிச் சொல். ஒன்று மட்டும் விதிவிலக்கு: தன் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசிய எதையும், காரணம் சொல்லாமலே நீக்கும்படி இருவரில் எவரும் கேட்கலாம், மற்றவர் மறுப்பின்றி நீக்க வேண்டும். பேச்சுவாக்கில் குடும்பத்தைப் பற்றியோ உடல்நலத்தைப் பற்றியோ ஒன்று வந்துவிடும். அதுவே எபிசோடின் சுவையான பகுதியாகவும் இருக்கும். அப்போதும் நீக்கத்தான் வேண்டும். இந்த உறுதி இருப்பதால்தான் மைக் முன்னால் இருவரும் மனம்விட்டுப் பேச முடிகிறது.

பேச்சு குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. சேர்ந்து பாட்காஸ்ட் நடத்துபவர்களிடம் ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது: சுவையான ஏதாவதொன்றைச் சொல்ல ஒருவர் வாயெடுத்தால், "இரு, இரு, ரெக்கார்டிங்கில் சொல்" என்று மற்றவர் தடுப்பார். நிகழ்ச்சிக்கு அது நல்லதுதான். முதல்முறை கேட்கும் வியப்பை இரண்டாம் முறை வரவழைக்க முடியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால், நல்ல பேச்சு அத்தனையும் நேயர்களுக்குப் போய்ச் சேர்ந்து, உங்கள் இருவருக்கும் நடுவே எஞ்சுவது தேதியும் கோப்பும் விருந்தினர் பட்டியலும் மட்டுமே. ஒலிப்பதிவு நாளில் அல்லாமல் வேறொரு நாளில் அழைத்துப் பேசுங்கள். பதிவுக்குச் சற்று முன்னால் பேசினால் அது ஒத்திகையாகிவிடும். முடிந்த உடனே பேசினால் களைப்புதான் பேசும். அந்த அழைப்பில் நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சே கூடாது, அதில் வந்த எதையும் பின்னர் எபிசோடில் எடுக்கவும் கூடாது என்று நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் சில அழைப்புகளில் இடையிடையே மௌனம் விழும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

பணம் வருகிறது என்றால், அதற்கும் மற்ற சொத்துகளுக்கும் சேர்த்து ஒரு பக்க அளவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாரேனும் ஒருவர் விலகினால் பெயர் யாருக்கு, பழைய எபிசோடுகள் இணையத்தில் தொடருமா, மற்றவர் வேறொருவருடன் நடத்தலாமா என்பவற்றை நட்பு நன்றாக இருக்கும் நாளில் எழுதுவதே முறை.

கேட்பவன்:

நான் பாட்காஸ்ட் நடத்துபவன் அல்லன், நாள்தோறும் கேட்பவன். நிறுத்துவதா தொடர்வதா என்ற கேள்விக்கு மூன்றாவதாக ஒரு விடையும் உண்டு என்பதால் எழுதுகிறேன். இருவர் நடத்தும் நிகழ்ச்சியை நாங்கள் கேட்பது தகவலுக்காக மட்டுமன்று. அந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில் காட்டும் விருப்பத்துக்காகவும்தான். அது குறையும்போது, ஒலித்தரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வாரம் தவறாமல் வரும் சோர்ந்த எபிசோடைவிட, சொல்லிவிட்டு எடுக்கும் இடைவேளையை நேயர்கள் மனமுவந்து ஏற்பார்கள். சொல்லாமல் நின்றுபோவதுதான் துன்பம். இரண்டு நண்பர்கள் நடத்திய 'ஹலோ இன்டர்நெட்' 2014-இல் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கம்போல் ஓர் எபிசோடு வெளியிட்டது. அதன் பிறகு விடைபெறும் எபிசோடு என்று எதுவும் வரவில்லை. நேயர்கள் நெடுங்காலம் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உங்கள் நேயர்களுக்கு, இன்ன மாதம் திரும்புவோம் என்று இருவர் குரலிலும் இரண்டு நிமிடப் பதிவு ஒன்றை வெளியிட்டாலே போதுமானது.

இருகுரல்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அலைநீளம் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய அவனுடைய குரல், கடைசி நிமிடத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி முன்னே நின்றது. சரிசெய்த பதிவை அவனுக்கு அனுப்பி, காரணத்தையும் விளக்கினேன். அப்போது அவன் சொன்னது என்னை உலுக்கிவிட்டது: வெளியான எபிசோடுகளைக் கேட்கும்போதெல்லாம், அவனுடைய கேள்விகளுக்கு நான் ஆர்வமின்றித் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வதாக அவனுக்குப் பட்டிருக்கிறது, எனக்கு நிகழ்ச்சி சலித்துவிட்டது என்றே எண்ணி, அதைக் கேட்கத் தயங்கிக்கொண்டு இருந்திருக்கிறான்.

இரண்டு மாத இடைவேளைக்கு இருவரும் ஒப்புக்கொண்டோம். அதற்குள் எடிட்டிங் கற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். எழுதி வைத்துக்கொள்வதைத்தான் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எபிசோடுகளைச் சேமித்து வெளியிடும் ஹோஸ்டிங் சேவையின் கணக்கு தொடக்கத்திலிருந்தே அவனுடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கிறது. இணையதள முகவரி என் பெயரில் இருக்கிறது. இதை எழுப்பினால் அவன்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா?

மறுமுனை:

ஆகாது. அவருடைய கணக்கைப் பற்றி மட்டும் கேட்டால் அப்படித் தோன்றலாம். உங்கள் பெயரில் இருக்கும் இணையதள முகவரியிலிருந்து தொடங்குங்கள். "என்னால் இதைக் கவனிக்க முடியாமல் போனால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டு, அதன் கடவுச்சொல்லையும் புதுப்பிக்கும் தேதியையும் முதலில் அவரிடம் கொடுங்கள்.

இதில் மிகுந்த கவனம் வேண்டியது ஆர்எஸ்எஸ் ஃபீட், அதாவது எபிசோடுகளின் பட்டியலைக் கொண்ட இணையக் கோப்பின் முகவரிக்குத்தான். நேயர்களின் செயலிகள் புதிய எபிசோடைத் தேடி அந்த முகவரிக்கே வருகின்றன. ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு '301' எனப்படும் நிரந்தரத் திசைதிருப்பல் அமைக்க வேண்டும். பொதுவாகப் பழைய கணக்கைக் கையில் வைத்திருப்பவரால்தான் அதைச் செய்ய முடியும். அதைச் செய்யாமல் விட்டால் சந்தாதாரர்கள் பழைய இடத்திலேயே நின்றுவிடுவார்கள், எத்தனை பேரை இழந்தீர்கள் என்பதும் தெரியாது. அந்தத் திசைதிருப்பலைக் குறைந்தது நான்கு வாரங்களாவது வைத்திருக்கும்படி ஆப்பிள் கேட்கிறது. முடிந்தவரை நீக்காமலே விடுவது நல்லது.

நிகழ்ச்சியின் பெயரில் இருவருக்கும் பொதுவான மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கி, ஹோஸ்டிங் கணக்கு, இணையதளம், ஃபீடுக்குள் உரிமையாளர் என்று குறிப்பிடப்படும் முகவரி ஆகிய மூன்றையும் அதற்கு மாற்றுங்கள். சில தளங்கள் உரிமையைச் சரிபார்க்கும் குறியீட்டை ஃபீடில் உள்ள அந்த முகவரிக்கே அனுப்பும் என்பதால் மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். எடிட் செய்யாத பழைய பதிவுகளின் நகல் இருவரிடமும் இருக்கட்டும்; 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 எம்பி ஆகும், ஆகவே ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கிலேயே பல ஆண்டுகளின் பதிவுகள் அடங்கிவிடும். இந்த வேலைகளை இடைவேளையின் முதல் வாரத்திலேயே இருவரும் ஒரே அழைப்பில் உட்கார்ந்து முடித்துவிட்டால், மீதி நாட்களில் நிகழ்ச்சியைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே வராது.