கொழும்பு மழையில் விஷ்ணுகிரந்தி நிலைக்குமா?

மாடித்தோட்டம், வெள்ளவத்தை:
சென்ற ஆண்டு மன்னாரில் தெருவோர மணலில் படர்ந்து கிடந்த விஷ்ணுகிரந்தியைக் கண்டு, சில விதைகளை எடுத்துவந்து பூச்சாடியில் இட்டேன். முளைத்த மூன்று கன்றுகளும் பங்குனி வரை நன்றாக நின்று, காலைதோறும் சிறு நீலப் பூக்களைத் தந்தன; ஆனால் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய இரண்டு கிழமைகளுக்குள் அடித்தண்டு கறுத்து, மூன்றுமே பட்டுப்போயின. சாடியில் பாதிக்குக் கூட்டெரு இட்டிருந்தேன். வறட்சியைத் தாங்கும் செடி இங்கே ஏன் நிலைக்கவில்லை? கடையில் இதே பெயரில் விற்கும் கன்றை வாங்கி நடலாமா?

கபுக்கல் வளவு, தெஹிவளை:
வேரடியில் நீர் தேங்கியதே காரணமாக இருக்க வேண்டும். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மன்னாரில் அதில் பாதியளவும் இல்லை, அதுவும் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் பெய்கிறது. கோடையைக் கடக்கத் தடித்த வேரையும் பட்டுப்போன்ற மயிர் போர்த்த இலையையும் பெற்ற இச்செடிக்குக் கூட்டெரு நீரைப் பிடித்துவைக்கும் சுமையே. பருமணலும் உடைத்த கபுக்கல்லும் (செம்புரைக்கல்) மூன்று பங்கு, தோட்டமண் ஒரு பங்கு எனக் கலந்து, அடியில் பெரிய துளையுள்ள மண்சாடியில் வையுங்கள். நாள் முழுதும் வெயில் படும் இடமே வேண்டும். அடைமழை நாட்களில் மட்டும் சாடியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள்.

பூக்கன்று, கொட்டாஞ்சேனை:
கடைக் கன்றை வாங்குமுன் பூவை உற்றுப் பாருங்கள். அப்பெயரில் விற்கப்படுவது பல வேளைகளில் பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட எவோல்வுலஸ் குளோமெராட்டஸ் ஆகும். அதன் பெரிய பூக்கள் கிளை நுனியில் நெருக்கமாக அமர்ந்திருக்கும். நம் மண்ணின் விஷ்ணுகிரந்தியான எவோல்வுலஸ் அல்சினாய்டிஸ் ஒரு சென்றிமீற்றருக்கும் குறைந்த பூவை நூல்போன்ற நீண்ட காம்பில் தாங்கி நிற்கும். அயற்செடியும் அழகானதுதான்; ஆனால் தாங்கள் மன்னாரில் கண்டு விரும்பியது அதுவன்று. சிலர் சங்குப்பூவையும் இப்பெயரால் அழைப்பதால், பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

பழைய வேர், பம்பலப்பிட்டி:
தம்பி, விதை மிச்சம் இருந்தால் மனம் தளர வேண்டாம். அதன் தோல் கடினமானது. சொரசொரப்பான கல்லில் மெல்ல உரசி, ஓரிரவு நீரில் ஊறவைத்தால் முளைப்பு எளிதாகும். நாற்றாக்கிப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்துவிடும் என்பதால், நிலையாக வைக்கவிருக்கும் சாடியிலேயே விதையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி முடியும் தறுவாயில் இட்டால், அடுத்த பருவமழைக்கு முன் வேர் தடித்துவிடும். நண்பகலுக்குப் பின் பூ சுருங்குவது இயல்பே. அதைக் கண்டு வாட்டம் என எண்ணி நீர் ஊற்றிவிடாதீர்கள்.