'பாரசிட்டிக் டிரெயின்': தமிழ்ல என்ன போடலாம்? வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும்

மார்த்தாண்டம்:
எல்லாருக்கும் வணக்கம். கேரவன் ஒயரிங் கைடு ஒண்ண தமிழாக்கிட்டு இருக்கேன். 2021ல கேரளாவுல கேரவன் டூரிசம் பாலிசி வந்த பெறகு நம்ம பக்கத்துப் பட்டறைக்கும் வண்டி வருது, பையம்மாருக்குத் தமிழ்ல வேணுமாம். எல்லா சுவிச்சும் அணைச்சுப் போட்டாலும் கேஸ் டிடெக்டர், ஸ்டீரியோ மெமரி, ஸ்டாண்ட்பையில கெடக்க இன்வெர்ட்டர் எல்லாம் பேட்டரியக் குடிச்சிட்டே இருக்கும்லா, அதத்தான் இங்கிலீஷ்ல பாரசிட்டிக் டிரெயின் (drain)னு சொல்லுவாவ, அதுக்குத்தான் தமிழ்ல பேரு வேணும். 1 ஆம்பியர் போனாலே நாளைக்கு 24 ஆம்பியர்-அவர், 100 ஏஎச் பேட்டரி ரெண்டு நாள்ல பாதி காலி. மெஷின்ல போட்டா "ஒட்டுண்ணி வடிகால்"னு வருது, சாக்கடை நாத்தம் அடிக்குது. நான் "மின்கசிவு"ன்னு போட்டிருக்கேன், சரிதானா?

குலசேகரம்:
கசிவு வேண்டாம் தம்பி. எர்த் லீக்கேஜுக்கு அந்த வார்த்தையத்தான் நான் கிளாஸ்ல சொல்லிக் குடுக்கேன். 230 வோல்ட் லைன்ல ஆர்சிசிபி, அதான் கரண்டு கசிஞ்சா லைனத் துண்டிக்க சுவிச்சு, 30 மில்லி ஆம்பியர்ல டிரிப் ஆகுறது அதுக்குத்தான். அது ஆளக் கொல்லும், இது பேட்டரியக் கொல்லும். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா பையன் 12 வோல்ட் கோளாறுக்கு ஆர்சிசிபியப் போய் நோண்டிட்டு நிப்பான்.

நாகர்கோவில்:
ஒளிஞ்சு நடக்கதுக்குத் தமிழ்ல சொல்லா இல்ல? கர, கரத்தல், கரவு. குறள் 527ல "காக்கை கரவா" வருதுல்லா. ஆக, மின்கரவு. இல்லேன்னா மின்களவு. கள்ளம், கள்வன், களவு எல்லாம் ஒரே வேரு, பனையில இறக்குற கள்ளும் அதே வேருதான்னு நான் சொல்லுவேன், பாளைக்குள்ள ஒளிஞ்சு கெடந்துதானே வருது. தொல்காப்பியத்துல களவியல்னு ஒரு இயலே உண்டு, அதக் கேட்டுத் திருத்தின அதங்கோட்டாசான் நம்ம மாவட்டத்து அதங்கோட்டுக்காரருன்னு நாம பெருமை பேசுகோம், ஆனா ஒரு சொல்லு வேணும்னா மட்டும் மெஷின்ட்ட போய் நிக்கோம்.

தக்கலை:
அண்ணாச்சி, ஒளிஞ்சு இருக்கதெல்லாம் கள்ளுன்னா அக்கானிய, அதான் பதநீர, எங்க கொண்டு வைப்பிய? அதுவும் அதே பாளையில இருந்துதான் வருது. அது போகட்டும், மின்களவுன்னா கொக்கி போட்டு கரண்டு எடுக்கதுன்னுதான் ஊர்ல நினைப்பான். "மறையிழுப்பு" எப்படி?

கன்னியாகுமரி:
சாரே, பட்டறையில மறைன்னா போல்ட்டு மறை. மறையிழுப்புன்னா திரெட்டு இழுத்துக்கிச்சுன்னு ஸ்பேனர எடுத்துட்டு வந்துருவான். நாங்க லீக்குன்னுதான் சொல்லுவோம். பேரு எதுவானாலும் வேலை ஒண்ணுதான்: பேட்டரி நெகட்டிவ் டெர்மினல்ல வயரக் கழத்தி, மீட்டர 10 ஆம்பியர்ல வச்சு டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவுல குடுக்கணும், பெறவு ஒவ்வொரு பியூஸா உருவணும், எதை உருவுனா ரீடிங் சடார்னு எறங்குதோ அந்த லைன்லதான் கள்ளன் இருக்கான். மீட்டர் நடுவுல இருக்கும்போது எஞ்சின ஸ்டார்ட் பண்ணாண்டாம்னு புக்ல பெருசா போடுங்கோ, மீட்டர் பியூஸ் போயிரும். இன்னொண்ணு, எல்லாத்தையும் டிரெயின் தலையில கட்டவும் கூடாது, இங்க உப்புக் காத்துல டெர்மினல் பச்சை பூத்துட்டா சார்ஜே சரியா ஏறாது, பேட்டரி காலியானதப் பாத்துட்டு லீக்குன்னு தேடிட்டு கெடப்பானுவ.

நாகர்கோவில்:
பாத்தியளா, அவரே கள்ளன்னுதான் சொல்லுகாரு!

குலசேகரம்:
அண்ணாச்சி, விடுங்கோ. வண்டி ஓய்வுல இருக்கும்போது இழுக்கது, அதனால "ஓய்நிலை இழுப்பு". பையனுக்குக் கேட்டதும் புரியும்.

தக்கலை:
இழுப்புன்னா எங்க அம்மைக்கு வாற மூச்சிழுப்புதான் ஞாபகம் வருது. சரி, வேற ஒண்ணும் தோணல, எனக்க ஓட்டும் இதுக்கே.

மார்த்தாண்டம்:
அப்போ "ஓய்நிலை இழுப்பு" போடுகேன், முதல் தடவை மட்டும் பக்கத்துல "பாரசிட்டிக் டிரெயின்"னும் இருக்கும். பட்டறைக்காரர் சொன்ன எச்சரிக்கைய பெட்டி கட்டிப் போடுகேன். எல்லாருக்கும் நன்றி.

நாகர்கோவில்:
எனக்க மாற்றுக்கருத்து பதிவுல இருக்கட்டும். கரவு.

மார்த்தாண்டம்:
இருக்கட்டும் ஐயா. அடுத்த அதிகாரத்துல "கிரவுண்ட்" வருது. வண்டியில அது சேசிஸ், அதாவது வண்டிக்க அடிச்சட்டம்தான், மண்ணோட சம்பந்தமே இல்ல. "நிலத்தொடுப்பு"ன்னு போட்டா தப்பாகாதா?

குலசேகரம்:
தப்புதான். தயவு செஞ்சு அத தனி இழையில கேளு தம்பி.