மறு: ‘தேடுபொறி உகப்பாக்கம்’ – கடைக்காரர் வாயில் நுழைகிற சொல் வேண்டும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

எஸ்இஓ-வுக்குத்தான் (சர்ச் எஞ்சின் ஆப்டிமைசேஷன், அதாவது கூகுள் மாதிரித் தேடுபொறியில் கிடைக்கும்படி நம் தளத்தைச் சீர்செய்கிற வேலைக்குத்தான்) ‘தேடுபொறி உகப்பாக்கம்’ இருக்கிறதே, அதை ஏன் மறுபடியும் கிளறுகிறீர்கள் என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். புழக்கத்துக்கு வந்துவிட்ட சொல்லை மாற்றுவது எனக்கும் பிடிக்காது. ‘தேடுபொறி’ நிலைத்துவிட்டது, அதில் கை வைக்க வேண்டாம். ‘உகப்பாக்கம்’ மட்டும் கட்டுரைகளை விட்டுக் கடை வாசலுக்கு இறங்கவே இல்லை. நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பாய்க்கடை, அப்பளக்கடை, பாத்திரக்கடை என்று சின்ன வியாபாரிகளுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிறவன். உகப்பாக்கம் என்று சொன்னால் எதிரில் இருக்கிற அண்ணாச்சி, “அது என்ன எழவுவே?” என்று கேட்கிறார். அவர் என்னிடம் வந்து சொல்வது இவ்வளவுதான்: “கூகுள்ல நம்ம கட வர மாட்டேங்கு. என்னன்னு பாரும்.”

இலக்கணப்படியும் அந்தத் தொடர் எனக்கு இடிக்கிறது. விரித்துப் பாருங்கள். தேடுபொறியை உகப்பாக்குவதா, தேடுபொறிக்கு உகப்பாக்குவதா? ‘நூல் வெளியீடு’, ‘மரம் வெட்டல்’ மாதிரி இரண்டாம் வேற்றுமையாகத்தான் காது முதலில் எடுத்துக்கொள்ளும். கூகுளை நாம் திருத்தப் போவதில்லை, நம் பக்கத்தைத் திருத்துகிறோம். ஆங்கிலத் தொடரிலேயே இந்தக் கோளாறு உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் அது நமக்கும் ஒட்டிக்கொண்டது.

அப்படியென்றால் உண்மையில் நடக்கிற வேலை என்ன? அதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

பத்தமடையில் ஒரு பாய்க்கடை. ஆற்றுக் கோரையை ஊறப்போட்டு, மெல்லிசாகக் கீறி நெய்கிற பாய். பட்டுப் பாய் என்று சொல்கிற நயமான ரகமும் உண்டு, பெண் மாப்பிள்ளை பெயரை நெசவிலேயே போட்டுத் தருகிற கல்யாணப் பாயும் உண்டு. சரக்கு முதல்தரம். தளத்தைத் திறந்தால் முகப்பு முழுக்க ஒரே படம். கடைப் பெயர், பாய் ரகம், விலை எல்லாமே அந்தப் படத்துக்குள் எழுதியிருந்தது. மனிதன் வாசித்துவிடுவான்; தேடுபொறி தன் கணக்கில் எழுத்தாக எடுத்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. பக்கத்துக்குத் தலைப்பு என்ன கொடுத்திருந்தார்கள் என்று பார்த்தால் ‘ஹோம்’. இரண்டாவது பக்கத்துக்கும் ‘ஹோம்’. உலகத்தில் எத்தனை கோடி ‘ஹோம்’ இருக்கும்! ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் மட்டும் கொஞ்சம் எழுத்து இருந்தது. அது பழைய எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழ், உள்ளே கிடப்பதெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியும். ஒருங்குறியில் (யுனிகோடில்) இல்லாத தமிழ், தேடுகிறவருக்குத் தமிழே இல்லை.

அதை ஒருங்குறிக்கு மாற்றினோம். அதிலும் ஒரு வினை. ‘நெசவாளர்’ என்ற சொல்லின் கடைசியில் ரகர ஒற்று வரவேண்டிய இடத்தில், எழுத்துருவை மாற்றித் தருகிற செயலி கால் குறியைப் போட்டு அதன் தலையில் புள்ளி வைத்திருந்தது. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் இருக்கிற எழுத்தெண் வேறு என்பதால் ‘நெசவாளர்’ என்று ஒழுங்காகத் தட்டுகிறவரோடு இந்தச் சொல் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாது. செய்தித் தளங்களிலேயே இந்தப் பிழை மண்டிக் கிடக்கிறது. ‘ஔ’ வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாக அடிப்பதும் இதே ரகம்தான்.

அப்புறம் வாடிக்கையாளர் என்ன தட்டுகிறார் என்ற கேள்வி. கடைக்காரர் ‘கோரைப் பாய்’ என்று எழுதுகிறார். கல்யாண வீட்டுக்காரர் ‘பெயர் போட்ட பாய்’ என்று தேடுகிறார். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடிப்பவர்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டில் அடிக்கிறார்கள். நம்ம ஜில்லாப் பெயருக்கே ‘எச்’ போட்டவர், போடாதவர் என்று இரண்டு கட்சி இருக்கும்போது பத்தமடை எம்மாத்திரம்? இந்தப் பெயர்களெல்லாம் தளத்தில் இயல்பாக ஓரிடத்திலாவது வரவேண்டும். மறைவாகக் குறிச்சொல் பட்டியல் ஒன்றைத் திணிப்பதால் பயனில்லை. அந்தக் குறிச்சொல் ஒட்டை (மெட்டா கீவேர்ட்ஸ் டேக்) தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்னமும் அதற்குத் தனியாகப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

ஆக, வேலை முழுவதும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. தேடுகிறவர் தட்டுகிற சொல்லும் கடைக்காரர் எழுதி வைத்த சொல்லும் ஒத்துப்போக வேண்டும்; இடையில் இருக்கிற பொறிக்கு அந்த எழுத்து வாசிக்கக் கிடைக்க வேண்டும். பெயரும் இதைச் சொன்னால் போதும்.

இனி, குழுவில் வந்த சொற்கள்.

‘தேடல் முதன்மையாக்கம்’, ‘முதலிடப்படுத்தல்’ இரண்டையும் நான் ஒரேயடியாக எதிர்க்கிறேன். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. உத்தரவாதம் தருகிறேன் என்று வருகிறவர் செய்வதற்குத் தமிழில் ஒரு சொலவடை உண்டு. அல்வா ஊர்க்காரன், நான் அதைச் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட வாக்குறுதியைக் கலைச்சொல்லுக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டால் ஏமாற்றுகிறவருக்கு வேலை மிச்சம்.

வள்ளியூர் நண்பர் சொன்ன ‘தட்டுப்படுத்தல்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தேடினேன், தட்டுப்படவில்லை என்று நம் பக்கத்தில் தினமும் சொல்கிறோம். விசையில் தட்டினால் தட்டுப்பட வேண்டும் என்ற அழகும் உண்டு. ஆனால் இரண்டு நாள் கழித்து யாராவது அதை ‘தட்டுப்பாடு’ என்று சுருக்குவார்கள், பாய்க்குத் தட்டுப்பாடு என்று ஊர் படித்துக்கொள்ளும். மனசில்லாமல்தான் விடுகிறேன்.

‘தென்படல்’ நல்ல சொல், ஆனால் வேறொன்றுக்கு வேண்டியிருக்கிறது. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தருகிற சர்ச் கன்சோல் என்ற கருவியில் பார்த்தால், நம் பக்கம் தேடல் முடிவில் எத்தனை முறை தோன்றியது, எத்தனை முறை சொடுக்கினார்கள் என்று இரண்டு கணக்கு வரும். முதல் கணக்குக்குத் ‘தென்படல்’ அச்சாகப் பொருந்தும். சொடுக்கி உள்ளே வருகிறவர்களை ‘தேடல் வரவு’ எனலாம். வரவு என்றால் எந்தக் கடைக்காரருக்கும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. “தென்படல் நிறைய இருக்கு, தேடல் வரவு இல்லை” என்றால் தலைப்பையும் விவரத்தையும் ஒழுங்காக எழுத வேண்டும் என்று அவரே புரிந்துகொள்வார்.

எஸ்இஓ-வுக்கு நான் முன்வைப்பது ‘தேடலிசைவு’. செயலைச் சொல்ல ‘தேடலுக்கு இசைவாக்கல்’. “தளத்தைத் தேடலுக்கு இசைவாக்கித் தாரும்” என்று ஒருவர் கேட்கலாம். “இது தேடலுக்கு இசையாத பக்கம்” என்று நான் பதில் சொல்லலாம். வினையாகவும் எதிர்மறையாகவும் வளைகிறதா என்பதுதான் கலைச்சொல்லுக்கு நான் வைக்கிற சோதனை. ‘உகப்பாக்கப்படாத’ என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

மறுப்புகள் வரும், தெரியும். யாழ்ப்பாண நண்பர் தங்கள் உயிரியல் பாடத்தில் ‘இசைவாக்கம்’ வேறு பொருளில் இருப்பதை ஏற்கெனவே குறிப்பிட்டிருக்கிறார். அங்கே உயிரினம் சூழலுக்குத் தக்கபடி அமைவது, இங்கே பக்கம் தேடலுக்குத் தக்கபடி அமைவது. துறை வேறு, கருத்து உறவுதான். இதைவிடக் கனமான மறுப்பு வழக்கறிஞர் அம்மா சொன்னது: ‘இசைவு’ என்றால் சம்மதம், ஆகவே ‘தேடலிசைவு’ என்பதைச் சோதனை போடப் போலீசுக்குக் கொடுக்கிற சம்மதமாகப் படிக்கலாமே என்று. உண்மைதான். அதோடு, தளத்தின் எந்தப் பகுதிக்குள் தேடுபொறி வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்கிற ரோபாட்ஸ் கோப்பும் ஒரு வகைச் சம்மதம்தான். அதற்கு ‘அனுமதிக் கோப்பு’ என்று தெளிவாகப் பெயர் வைத்துவிட்டால் குழப்பம் பாதி தீரும். மீதிப் பாதிக்கு, முதல்முறை எழுதும்போது ‘வலைத்தளத் தேடலிசைவு’ என்று முழுசாக எழுதலாம். இதைவிட நல்ல வழி இருந்தால் அம்மாவே சொல்லட்டும்.

இன்னொரு சின்னச் சொல்லும் இதோடு வேண்டும். நெல்லை டவுன் ரத வீதியில் நின்றுகொண்டு போனில் ‘அல்வா’ என்று தேடுகிறவருக்கு வரைபடத்தோடு சில கடைகள் வருகின்றனவே, அந்த வகைத் தேடலுக்கு. பொருத்தம், தூரம், கடையின் பிரபலம் என்ற மூன்றை வைத்து அது வரிசைப்படுகிறது. தூரத்தை யாரும் காசு கொடுத்து மாற்ற முடியாது. ஆனால் கடை திறக்கும் நேரத்தையும் முகவரியையும் சரியாகப் பதிந்து வைக்கலாம். சின்னக் கடைகளுக்கு வலைத்தளத்தைவிட இதுதான் அதிகம் உதவும் என்பது என் கட்சி. ‘உள்ளூர்த் தேடல்’ என்றால் உள்ளூர்க்காரர் மட்டும் தேடுவது போல இருக்கிறது. குற்றாலம் போகிற வழியில் இறங்குகிற வெளியூர்க்காரர்தான் அதிகம் தேடுவார். ‘அண்மைத் தேடல்’ சரிவருமா?

சொற்பட்டியலில் ‘தேடலிசைவு’, ‘தென்படல்’, ‘தேடல் வரவு’, ‘அண்மைத் தேடல்’ நான்கையும் இப்போதைக்குப் ‘பரிசீலனையில்’ என்று குறித்து ஏற்றியிருக்கிறேன். ‘உகப்பாக்கம்’ அதே வரியில் முதலிலேயே இருக்கிறது, அதை எடுக்கவில்லை. ஆட்சேபம் உள்ளவர்கள், எந்தச் சொல்லில் ஆட்சேபமோ அதை வைத்து ஒரு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். வெறும் ‘பிடிக்கவில்லை’யை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து