சாதாரணக் கார் விற்கும் கம்பெனி கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் காரும் விற்க வேண்டுமா?

போரூர் பிஸ்டன்:

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

2016 டிசம்பரில் நிசான் இங்கே ஜிடி-ஆர் காரை இறக்கியது. டெல்லி ஷோரூம் விலையே 1.99 கோடி. அதே சமயம் நம்ம ஒரகடம் ஆலையிலிருந்து மூணு, நாலு லட்ச ரூபாயில் நிசானின் மலிவு பிராண்டான டட்சனின் கோ கார் வந்துகொண்டிருந்தது. டட்சனை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். அந்த ஜிடி-ஆரின் (ஆர்35 என்ற தலைமுறை) தயாரிப்பும் 2025 ஆகஸ்டில் முடிந்தது. ஒரகடம் ஆலையில் தன் பங்கைக் கூட்டாளியான ரெனோவுக்கே கொடுத்துவிடவும் நிசான் 2025-இல் முடிவெடுத்தது. கோ வாங்க வந்த குடும்பத்துக்கு அந்த ஜிடி-ஆரால் என்ன பிரயோஜனம்?

இன்னொரு பக்கம், ஹூண்டாய் 2022-இல் 'என் விஷன் 74' (N Vision 74) என்ற ஸ்போர்ட்ஸ் காரின் கான்செப்டை, அதாவது மாதிரி வண்டியைக் காட்டியதிலிருந்து அதைத் தயாரித்தே ஆகவேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். டாடா 2017 ஜெனீவா கண்காட்சியில் ரேஸ்மோ என்று இரண்டு சீட் கார் காட்டிவிட்டுக் கைவிட்டது.

பெயருக்கும் விளம்பரத்துக்கும் மட்டும்தான் என்றால் அந்தப் பணத்தைச் சர்வீஸ் சென்டருக்குப் போடலாமே? இல்லை, அந்தத் தொழில்நுட்பம் நிஜமாகவே சின்ன காருக்கு இறங்கி வருகிறதா?

அம்பத்தூர் டைமேக்கர்:

இறங்கி வரும் சார். ஆனால் வடிவமைப்பதும் கட்டுவதும் கம்பெனியின் சொந்த ஆட்களாக இருக்க வேண்டும். அந்த ஒரு மாடலின் லாப நஷ்டத்தை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. அதைக் கட்டிய ஆட்கள் அடுத்து எந்த லைனுக்குப் போனார்கள் என்று பாருங்கள்.

1990-இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் கார் முழு அலுமினிய மோனோகாக், அதாவது பாடியே சட்டமாக நிற்கும் அமைப்பு. பாடி மட்டும் 210 கிலோ. ஸ்டீலில் செய்திருந்தால் சுமார் 140 கிலோ கூடியிருக்கும் என்பது ஹோண்டாவின் கணக்கு. இதில் கஷ்டம் எங்கே என்றால், அலுமினியம் கரண்டையும் சூட்டையும் சட்டென்று கடத்திவிடும். ஸ்பாட் வெல்டிங்குக்கு ஸ்டீலுக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு கரண்டை ரொம்பக் குறைந்த நேரத்தில் கொடுக்க வேண்டும். மேலே இருக்கும் ஆக்சைடு படலம் எலக்ட்ரோடு முனையைத் தின்னும். முனையை அடிக்கடி சீவாவிட்டால் நக்கெட் (தகடுகள் உருகி ஒட்டும் புள்ளி) சிறுத்துப்போய், உளி வைத்துத் தட்டினால் பிரிந்து வரும். பிரஸ்ஸிலும் தொல்லைதான். அலுமினியத்தின் விறைப்பு ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு, அதனால் அடித்த தகடு கூடுதலாகத் திரும்பி எழும்பும். தகட்டை அடிக்கும் அச்சான டையிலேயே ஓவர்பெண்ட், அதாவது தேவைக்கு மேல் வளைவு, கொடுத்து வெட்ட வேண்டும், அதுவும் ஒரே தடவையில் சரியாக வராது. போல்ட்டுகூடச் சாதா போல்ட் போட முடியாது. கோட்டிங் இல்லாத ஸ்டீல் போல்ட்டை அலுமினியத்தில் முடுக்கினால், நம்ம கடற்கரைக் காற்றில் போல்ட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். அதற்கடியில் அலுமினியம் அரித்துக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் நிமிஷத்துக்கு ஒரு வண்டி இறங்கும் லைனில் வைத்துப் பழக முடியாது. ஸ்கிராப்பே ஆலையை மூழ்கடித்துவிடும். ஒரு நாளைக்குச் சில டஜன் வண்டி மட்டும் கட்டும் இடத்தில்தான் பழக முடியும். பழகியது வீண் போகவும் இல்லை. 1999-இல் வந்த இன்சைட் ஹைப்ரிட், மைலேஜுக்காகவே செய்த சின்ன கார், என்எஸ்எக்ஸ் கட்டிய அதே டோச்சிகி பட்டறையில் அலுமினிய பாடியுடன் வந்தது. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கை ஹோண்டா முதலில் போட்டதும் என்எஸ்எக்ஸ் ஆட்டோமேட்டிக்கில்தான். இன்றைக்கு அது இல்லாத ஹேட்ச்பேக் இல்லை.

டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸின் எல்எஃப்ஏ ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் நல்ல உதாரணம். 2010 டிசம்பர் முதல் 2012 டிசம்பர் வரை 500 வண்டி, மாதம் 20 வீதம், ஒன்று 3 கோடியே 75 லட்சம் யென். முதலில் அலுமினியத்தில் ஆரம்பித்து, எடை போதிய அளவு குறையவில்லை என்று பாதியில் கார்பன் ஃபைபருக்கு மாறினார்கள். அங்கேயே பல வருஷம் போனது. கேபின் பிரிபிரெக், அதாவது முன்கூட்டியே ரெசின் ஊறிய ஃபைபர்; தரையும் கூரையும் ஆர்டிஎம், அதாவது காய்ந்த ஃபைபரை அச்சில் வைத்து ரெசினை அழுத்தி ஏற்றுவது. கூரைப் பக்கச் சட்டத்தை வட்டமான தறியில் நெய்தார்கள். டொயோட்டா குடும்பத்தின் ஆதித் தொழிலே தறி என்பதால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 

500 வண்டி முடிந்ததும், அவற்றைக் கட்டிய மோட்டோமாச்சி ஆலைப் பட்டறை மூடப்படவில்லை. 2014-இல் ஹைட்ரஜனில் ஓடும் மிராயை அதே இடத்தில் கையால் கட்டினார்கள். 700 பார் அழுத்தம் தாங்கும் அதன் ஹைட்ரஜன் டேங்கும் கார்பன் ஃபைபர்தான்.

ஓஎம்ஆர் கியர்பாக்ஸ்:

டைமேக்கர் சொன்னது ஜப்பான் ஆலைக்குப் பொருந்தும். நம்ம ஊருக்கு வருவது தயார் வண்டி மட்டும்தான். தறியும் வராது, வெல்டரும் வர மாட்டார். இங்கே விற்பது வேறு கணக்கு.

வரியைப் பாருங்கள். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள இறக்குமதிக் காருக்கு அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதம், வேளாண் கட்டமைப்பு செஸ் 40 சதவீதம். கப்பலில் இறங்கும்போது 50 லட்சம் என்று வைத்துக்கொண்டால் சுங்கம் 55 லட்சம், ஆக 1.05 கோடி. அதன்மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம், 42 லட்சம். 1.47 கோடி ஆச்சு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் உள்ள காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், 29.4 லட்சம். டீலர் மார்ஜின், இன்சூரன்ஸ் சேர்க்காமலே 1.76 கோடி. வாங்குபவர் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கம்பெனிக்குப் போகவில்லை. அந்தப் பங்கிலிருந்துதான் சர்வீஸ் ஏற்பாட்டையும் செய்தாக வேண்டும்.

இறக்குமதிச் சட்டம் அவ்வளவு தடையில்லை. வலது பக்க ஸ்டீயரிங் வைத்து, ஜப்பான் அல்லது ஐரோப்பிய விதிக்குச் சான்று இருந்தால், ஒரு கம்பெனி வருஷத்துக்கு 2,500 வண்டி வரை இங்கே ஹோமோலோகேஷன் (இந்திய விதிக்கான சோதனையும் சான்றும்) இல்லாமல் கொண்டுவரலாம். சிக்கல் விற்ற பிறகுதான். ஜிடி-ஆருக்கென்று நிசான் ஹை பெர்ஃபார்மன்ஸ் சென்டர், அதாவது தனி சர்வீஸ் மையம், வைத்தது நொய்டாவில். சென்னை வண்டிக்குப் பெரிய வேலை என்றால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் போக வேண்டும். ஒரகடத்தில் அதே கம்பெனியின் ஆலை இருந்தும் இந்த நிலைமை. எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

கியர்பாக்ஸ் விஷயத்தில் அமெரிக்காவில் நடந்ததும் பாடம். ஆரம்ப ஆர்35-இல் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை (வண்டி வழுக்காமல் காக்கும் அமைப்பு) அணைத்து லாஞ்ச் கன்ட்ரோலில் (நின்ற இடத்திலிருந்து மின்னலாகக் கிளப்பும் வசதி) கிளப்பினால் கிளட்ச் அதிக சுற்றில் ஒரேயடியாகப் பிடிக்கும். நாலு சக்கரமும் தரையைப் பிடித்திருப்பதால் அதிர்ச்சி டயரில் வழுக்கிப் போகாமல் நேராகப் பின்பக்க கியர்பாக்ஸில் இறங்கும். கியர் உடைந்தது. கன்ட்ரோலை அணைத்ததால் வாரண்டி கிடையாது என்றார்கள், வழக்கு வரை போனது. பிறகு 2009-இல் கன்ட்ரோலை அணைக்காமல் குறைந்த சுற்றில் கிளம்பும்படி புரோகிராமையே மாற்றினார்கள். விளம்பரத்தில் காட்டும் ஒரு வித்தையை வாங்கியவர் செய்துபார்க்காமல் இருக்க மாட்டார். அதற்கு வாரண்டி கொடுக்கத் தைரியம் இல்லாத கம்பெனி அப்படிப்பட்ட காரை விற்கவே கூடாது.

செங்கல்பட்டு சேஸிஸ்:

டைமேக்கர் சொன்ன "சொந்த ஆட்கள்" விஷயத்துக்கு உள்ளூர் உதாரணம் ஒன்று. மகிந்திரா குழுமத்தின் ஆட்டோமொபிலி பினின்ஃபரினா செய்யும் பட்டிஸ்டா என்ற எலக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார், நாலு மோட்டார், 1,900 குதிரைசக்தி, 120 கிலோவாட்-மணி பேட்டரி, மொத்தம் 150 வண்டி. கட்டுவது இத்தாலியின் கம்பியானோவில். பேட்டரியும் மோட்டாரும் குரோஷியாவின் ரிமாக் கம்பெனி கொடுத்தவை.

மகிந்திராவின் ஆராய்ச்சிக் கூடம் இருப்பதோ நம்ம மகிந்திரா சிட்டியில். அதன் எலக்ட்ரிக் கார்களான பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டும் நிற்கும் இங்லோ பிளாட்ஃபார்முக்கு (காரின் அடித்தளம்) பேட்டரி செல் சீனாவின் பிஒய்டி-யிடமிருந்து, சில பாகங்கள் ஃபோக்ஸ்வாகனின் எம்இபி என்ற எலக்ட்ரிக் பிளாட்ஃபார்மிலிருந்து. அவை நல்ல வண்டிகள். ஆனால் பட்டிஸ்டாவின் பேட்டரிப் பாடம் செங்கல்பட்டுக்கு வர வழியே இல்லை, ஏனென்றால் அந்தப் பாடத்தைப் படித்தது ரிமாக். பினின்ஃபரினா என்ற பிரபல இத்தாலிய டிசைன் பெயர் கையில் இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. பிஸ்டன் சார் கேட்ட பலன் அது இல்லை.

ஃபோர்டு ஜிடி ஸ்போர்ட்ஸ் காரும் ஓரளவு இப்படித்தான். 2016 லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் ஜெயித்தது பெரிய விஷயம். ஆனால் ரோட்டு வண்டி 1,350-ஐயும் கட்டியது கனடாவின் மல்டிமேட்டிக். என்ஜின் மட்டும் ராப்டர் பிக்கப்பில் இருக்கும் 3.5 லிட்டர் டர்போ வி6-இன் நெருங்கிய உறவு. அந்த ஒரு இடத்தில் கொடுக்கல் வாங்கல் இருந்தது.

மவுண்ட் ரோடு மைலேஜ்:

எல்லோரும் கோடியிலேயே பேசுகிறீர்கள். செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் என்ன ஆச்சு? 2020 மாடலில் என்ஜினை நடுவுக்குக் கொண்டுவந்தும் அமெரிக்காவில் ஆரம்ப விலை 59,995 டாலர். சாதா பிக்கப் விற்கும் அதே டீலரிடம் கிடைக்கும், அவரே சர்வீஸும் பண்ணுவார். எண்ணிக்கை அதிகம் என்பதால் டீலர் கருவி வாங்கிப் போட்டாலும் போட்ட காசு திரும்பும். மக்கள் கார் கம்பெனி ஸ்போர்ட்ஸ் கார் விற்றால் இப்படித்தான் விற்க வேண்டும் என்பது என் கட்சி.

நம்ம ஊர் அளவுக்கு வந்தால் ஹூண்டாய் ஐ20 'என் லைன்' (N Line). 2021-இல் இருங்காட்டுக்கோட்டையிலேயே செய்தார்கள். 1 லிட்டர் டர்போ, 120 குதிரைசக்தி, இறுக்கமான சஸ்பென்ஷன், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். வாங்குபவர் கைக்கு நேராக வரும் லாபம் அது. 'என் விஷன் 74' வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பின்சக்கர டிஸ்க்கை சாதா ஐ20-க்கும் கொடுத்தால் ஊருக்கு நல்லது.

அம்பத்தூர் டைமேக்கர்:

மைலேஜ் ஜி, கார்வெட் 1953-இலிருந்து வரும் வண்டி. எழுபது வருஷ டீலர் பழக்கம் அதன் பின்னால் நிற்கிறது. புதுசாக இறங்கும் கம்பெனி முதல் மாடலிலேயே அந்த எண்ணிக்கையை எட்டாது. குறைந்த எண்ணிக்கை, அதிக விலை, நிறையக் கற்றுக்கொள்வது என்ற வழியில்தான் ஆரம்பிக்க முடியும். பின் டிஸ்க் விஷயத்தில் உங்கள் பக்கம்தான்.

போரூர் பிஸ்டன்:

நன்றி, நிறையத் தெளிவானது. கியர்பாக்ஸ் சார், ஒன்று மட்டும். சென்னையில் இப்படி ஒரு காரை விற்பதற்கு முன்னால் கம்பெனி என்னென்ன தயார் பண்ண வேண்டும்? ஜிடி-ஆர் மாதிரி வண்டியையே வைத்துச் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர் கியர்பாக்ஸ்:

முதலில் வண்டியைத் தூக்கும் லிஃப்ட். முன் லிப் தரையிலிருந்து நாலரை அங்குலம்கூட இருக்காது. சாதா டூ-போஸ்ட் (இரண்டு தூண்) லிஃப்டின் கை உள்ளே நுழையாது. பலகை வைத்து ஏற்றி, பிறகு தாழ்ந்த கை நுழைக்கும் லிஃப்ட் வேண்டும்.

டயர் அடுத்தது. முன்னால் 255/40, பின்னால் 285/35, இரண்டும் 20 அங்குல ரன்-ஃபிளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர். பக்கச் சுவர் ரொம்ப விறைப்பு, உதவிக் கை இல்லாத மெஷினில் கழற்றினால் பீடு (டயரின் உள் விளிம்பு) கிழியும் அல்லது ரிம் கீறும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் போய் கையோடு வாங்கி வரும் சைஸும் இல்லை. ஒரு டயர் போனால் அதை மட்டும் மாற்றவும் கூடாது. தேய்ந்ததும் புதுசும் கலந்தால் உருளும் சுற்றளவு மாறி, முன்-பின் இழுவையைப் பிரிக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். ஆகவே இரண்டு செட் எப்போதும் ஊரில் ஸ்டாக் இருக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயில் சுமார் 10 லிட்டர், கம்பெனி சொன்ன ஆயில் மட்டும். ஊற்றியதோடு வேலை முடியாது. ஸ்கேனர் மாட்டி கிளட்ச் பிடிக்கும் புள்ளியைத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் டிராஃபிக்கில் முதல் கியரில் வண்டி குலுங்கும், கிளட்ச் சீக்கிரம் தீரும். மே மாதம் கத்திப்பாராவில் ஊர்ந்தால் அந்த ஆயில் எவ்வளவு சூடாகிறது என்பதை ஒவ்வொரு சர்வீஸிலும் ஸ்கேனரில் எடுத்து எழுதி வைக்க வேண்டும்.

பெட்ரோல் விஷயம் வாங்குபவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். 10 சதவீத எத்தனாலுக்கு மேல் எதிர்பார்க்காமல் செய்த வண்டியில் 20 சதவீதம் கலந்த பெட்ரோலைப் போட்டு, மாதக்கணக்கில் பேஸ்மென்டில் நிறுத்தினால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஹோஸும் சீலும் கெடும். டேங்கை நிரப்பி வைப்பது, வாரம் ஒரு தடவை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுவது, எக்ஸ்பி100 போன்ற அதிக ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் பங்க் எங்கே என்பது எல்லாம் டெலிவரி அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆக்டேன் குறைந்தால், என்ஜின் தட்டுவதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ள வைக்கும், வாங்கிய சக்தி கைக்கு வராது.

கடைசியாக டோயிங். நம்ம ஊர் கிரேன்காரர்கள் முன் சக்கரத்தைத் தூக்கி, பின்னால் உருட்டிக்கொண்டே போவார்கள். நாலு சக்கர இழுவை வண்டியை அப்படி இழுத்தால் முன்-பின் இழுவையைப் பிரிக்கும் அந்த கிளட்ச் போச்சு. வண்டியை முழுசாக மேலே ஏற்றும் பிளாட்பெட் லாரி மட்டும்தான், அதைக் கூப்பிடும் போன் நம்பர் கம்பெனியின் சொந்த நம்பராக இருக்க வேண்டும். மழையில் பேஸ்மென்டில் தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட் பட்டனைத் தொடவே கூடாது, பேட்டரியைக் கழற்றிவிட்டு பிளாட்பெட்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு மூணு வண்டி விற்கும் டீலர் தலையில் இத்தனையையும் கட்ட முடியாது. கருவியும் டயர் ஸ்டாக்கும் பயிற்சி பெற்ற இரண்டு டெக்னீஷியனும் கம்பெனி சம்பளத்தில் ஆலையிலேயே இருக்கட்டும். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை இரண்டும் ஊரிலிருந்து ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்தான்.